இரண்டாவது பிரேக்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது கால் இல்லை சார், கழுத்து. கற்றுக்கொள்ள வருகிறவர் கிளட்சைப் பட்டென்று விடுவார். வண்டி ஒரு குதி குதிக்கும். நம் தலை முன்னால் போய்விட்டுப் பின்னால் வரும். நாள் முழுக்க இப்படி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தால், சாயங்காலம் கழுத்து நம்முடையதாகவே இருக்காது. அதனால்தான் இந்தச் சின்னத் தலையணையைக் கையோடு கொண்டுவந்தேன். உங்கள் நாற்காலியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஒரு சின்ன விஷயத்துக்கு. விபத்தில் வண்டியை ஓட்டியவர் என்னிடம் ஓட்டக் கற்றவர். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேனா, தேர்வில் முறையாகத்தான் தேறினாரா என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவீர்கள். போன் செய்த காவலர்கூட, "ரெண்டே கேள்விதான் மாஸ்டர், டீ ஆறுறதுக்குள்ள போயிடலாம்" என்றார். ஆமாம், ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அவரே உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். மாஸ்டர் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் தப்பு என்று. அது சரியில்லை. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். டீ ஆறிப்போனால் அதற்கு நான்தான் பொறுப்பு.

நான் அடிப்படையில் தராசுக்காரன். எடை போடும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. கடையில் வைப்பது, ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கிடத்துவது, லாரியோடு ஏற்றி நிறுப்பது என்று எல்லாம் செய்தோம். வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. நான் தலையசைத்தால்தான் அது பெட்டிக்குள் போகும். பல வருடம் அதையே செய்தால் உடம்பே தராசு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் ஒரு துளி கூட இருந்தாலும் தெரிந்துவிடும். கைக்கு மட்டும் இல்லை, காலுக்கும்தான். பெரிய தராசுகளின் மேல் ஏறி நின்று, காலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்துப் பழகியவன் நான்.

பக்கத்து மேஜையில் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். இரண்டில் எது நிலைக்கும் என்று அப்போது கேட்டிருந்தால் வேலை என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் தங்கையின் கோபம் அவருக்குத் தெரியும். வேலைதான் முதலில் போனது.

எங்கள் பிரிவை மூடுவதாகச் சொன்னார்கள். இனிமேல் இயந்திரமே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளுமாம். "தராசு தப்பா இருந்தா, அது தப்புன்னு அந்தத் தராசு எப்படிச் சொல்லும்?" என்று மச்சான் கேட்டார். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். நல்ல கேள்வி என்று பாராட்டினார்கள்.

பாராட்டியவர் பணியாளர் மேனேஜர். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மெத்தை. அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் அறைக்குள் போய் வேலையை இழந்துவிட்டு வருகிறவர்கள், அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். வாசலைத் தாண்டிய பிறகுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று முழிப்பார்கள். என்னையும் அந்த அறையில் உட்கார வைத்தார். அழுகிறவர்களுக்காக மேஜை மேல் ஒரு பெட்டி நிறைய மெல்லிய காகிதம் வைத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஆனாலும் வைத்திருக்கிறாரே என்று மரியாதைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"இதை ஒரு முடிவா பாக்காதீங்க" என்றார். "ஒரு கதவு மூடினா நமக்குள்ள இருக்கிற இன்னொரு ஆள் எழுந்து நடக்க ஆரம்பிப்பான்." எனக்குள் அப்படி யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் சொன்ன தோரணையில் நம்பத் தோன்றியது. கையைப் பிடித்துக் குலுக்கினார். கை நல்ல வெதுவெதுப்பாக இருந்தது. நானும் நன்றி சொன்னேன்.

பிறகு எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள், தொழில் மாறுவது எப்படி என்று. ஒரு இளம்பெண் வந்து, சின்ன வயதில் என்ன ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். மச்சான் தீயணைப்பு வண்டிக்காரன் என்றார். அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டு, அந்த ஆர்வம் இப்போதும் உங்களிடம் உயிரோடு இருக்கிறது என்றாள். அவருக்கு அப்போது இரண்டு முழங்காலிலும் வலி. ஏணி என்றாலே ஆகாது.

வெளியே வேலைச் சந்தை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் வயதுப் பிள்ளைகள் என்னை நேர்காணல் செய்தார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம் என்று ஒருவர் சொன்னார், இந்தத் துறையில் அனுபவமே இல்லையே என்று அடுத்தவர் சொன்னார். கொஞ்ச நாள் ஒரு கட்டில் கடைக்காக, தள்ளுபடி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். அந்த வேலைக்கும் போட்டி இருந்தது. என்னைவிட உயரமான ஒருவர் கிடைத்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள், உயரத்தில் இருந்தால் அட்டை தூரத்திலிருந்தே தெரியும் என்று. அது நியாயமான காரணம்தான்.

மச்சான் எங்கும் போகவில்லை. மெத்தை அவரிடம் வேறு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "நிலைமை சரியானதும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம். நானே போன் பண்றேன்." அந்தக் கேள்வியைக் கேட்டவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக ஆறுதல் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை மச்சானைத் தேடியே வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். "அவர் கூப்பிடும்போது நான் வேற எடத்துல இருந்தா நல்லாவா இருக்கும் மாப்ள?" என்று என்னைக் கேட்டார். என் மனைவி கத்தினாள், அழுதாள், பேசாமல்கூட இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வீடு கைவிட்டுப் போய், இப்போது எங்கள் கூடத்தில்தான் இருக்கிறார். போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறார். மணி அடித்தால் எழுந்து நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் எடுப்பார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எரிச்சல், அவ்வளவுதான்.

நான் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தது தற்செயலாக. மாஸ்டர் தேவை என்று அவர்கள் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கத்தத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப சரி. முன்னாடி இருந்தவன் கத்திக் கத்தியே பாதிப் பேரை ஓட விட்டான்."

அப்படித்தான் தொழில் மாறினேன். அந்த வகுப்பில் சொன்னது எதுவும் எனக்கு உதவவில்லை, கத்தாத சுபாவம்தான் உதவியது.

எங்கள் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இரண்டு பக்கத்தையும் கம்பி இணைக்கிறது. என் பிரேக்கை நான் அழுத்தினால் கற்றுக்கொள்கிறவர் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். அவர் ஏற்கெனவே அதன் மேல் கால் வைத்திருந்தால், தான் அழுத்தித்தான் அது இறங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். முரட்டுத்தனமாக மிதிக்கிற மாஸ்டரைக் கண்டுபிடித்துவிடலாம். துளித்துளியாக அழுத்தத்தை ஏற்றினால் கண்டுபிடிக்க முடியாது. என் கால் தராசின் மேல் பழகிய கால் என்று சொன்னேன் அல்லவா?

இதில் தப்பு ஒன்றும் இல்லை. நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் சில நாள் இப்படித்தான் தைரியம் கொடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நம் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் நம் கால் தரையில் இருக்கும், அவர்தான் ஓட்டிக்கொண்டிருப்பார், அது அவருக்கே தெரியாது. முதலாளியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைத்தான் பார்ப்பார். "காலைத் தூக்குங்க மாஸ்டர், காலைத் தூக்குங்க. நீங்க ஓட்டுறதுக்கு அவங்க எதுக்கு இங்க வரணும்?" என்பார். நான் நன்றாகத் தூக்குவேன். ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி, கல்யாணமாகி வந்த ஒரு பெண் என்று என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் இன்றைக்கும் நன்றாக ஓட்டுகிறார்கள். எனக்கு முறை தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை பள்ளி வாசலில் மெத்தை நின்றுகொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி, கையில் தண்ணீர் பாட்டிலோடு. ஆள் பாதியாக இளைத்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. கம்பெனி அவரையும் அனுப்பிவிட்டிருந்தது. ஆட்களை அனுப்பி முடித்த பிறகு, அனுப்புகிறவர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். இரண்டு வருடம் அலைந்துவிட்டு, கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேன் ஓட்டுகிற வேலைக்குச் சரி என்று சொல்லியிருந்தார்களாம். உரிமம் வாங்கிக் காட்டினால் வேலை. இத்தனை காலம் கம்பெனி கார், கம்பெனி டிரைவர் என்று இருந்துவிட்டதால் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

"இதை விட்டா எனக்கு வேற வழி இல்லை மாஸ்டர்" என்றார். கையை நீட்டினார். கை இப்போது ஈரமாக இருந்தது.

என்னைத் தெரியவில்லை. முகத்தை நேராகப் பார்த்தார், சிரித்தார், ஆனால் தெரியவில்லை. வேலையை விட்டு அனுப்பியவர்களின் முகமெல்லாம் ஒருவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அவருக்கு ஓட்டவே வரவில்லை சார். பயம் காலுக்கு வந்துவிட்டால் அப்படித்தான். முதல் நாள் பிரேக்கின் மேல் பூவை வைப்பது மாதிரி காலை வைத்தார். நான் என் பக்கத்தில் துளித்துளியாக அழுத்தினேன். வண்டி அழகாக நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "நானா நிறுத்தினேன்?" என்றார். "வேற யாரு சார்?" என்றேன். பின்சீட்டிலிருந்து அந்த அம்மா கைதட்டினார்.

அடுத்த நாளும் அப்படியே செய்தேன். அதற்கு அடுத்த நாளும். காலைத் தூக்க வேண்டிய நாள் வந்தபோது எனக்குத் தெரிந்தது. வாசலில் முதலாளியம்மா நிற்கிறாரா என்று பார்த்தேன், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. நான் காலைத் தூக்கவில்லை. செய்தது இதுதான், இதற்கு மேல் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் சரியாகச் சொன்னால், நாளுக்கு நாள் என் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவர் நாளுக்கு நாள் குறைவாக அழுத்தினார். கடைசியில் காலை வைத்தாலே வண்டி நிற்கும் என்று அவர் உடம்பு நம்பிவிட்டது. இறக்கத்தில் முதலில் கிளட்சை மிதிக்கிற கெட்ட பழக்கமும் அவருக்கு இருந்தது. அப்படி மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி இன்னும் வேகமாக இறங்கும். யாராக இருந்தாலும் முதல் நாளே திருத்திவிடுவேன். அவரிடம், "நல்ல நிதானம் சார்" என்றேன்.

நான் அவரைப் பார்த்துக் கத்தவில்லை, அவமானப்படுத்தவில்லை. அவரிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. ஒரு மனிதனை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், அதை அவருக்கே செய்தேன். மச்சானை ஒரு வார்த்தையில் தாங்கிப் பிடித்துவிட்டு, சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டவர் அவர். நான் ஒருவன் இதை அவருக்குத் திருப்பிக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். செத்துப்போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஏதாவது ஒரு இறக்கத்தில், தன் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வேனில் வயதானவர்கள் இருப்பார்களே, யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். அவர்கள் உட்காரும் சீட்டுகளில் பெல்ட் இருக்கிறதா என்று அவரிடம் விசாரித்தேன். இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அந்த அம்மா தினமும் வருவார். புருஷனுக்குத் துணையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் சரியாகத் திரும்பினால் மெல்ல மூச்சு விடுவார். எனக்குக் கழுத்து வலி என்று எப்படியோ கவனித்துவிட்டு, ஒரு நாள் இந்தத் தலையணையைத் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே என்ன பஞ்சு வைத்தார் என்று தெரியவில்லை, இன்னும் அமுங்கவில்லை. ரொம்ப இதமாக இருக்கிறது.

கவனிக்கிற கண் அது. தேர்வுக்கு முந்தைய வாரம், வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தபோது கேட்டார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இவர் நிறுத்தும்போதெல்லாம் உங்க காலும் அசையுதே?"

"பழக்கம்மா. நாங்க வீட்ல நாற்காலியில உட்கார்ந்தாக்கூட இப்படித்தான் ஆட்டுவோம்."

"இல்லை, நீங்கதான் நிறுத்துறீங்களோன்னு… இவர் தனியா ஓட்டணும்ல, அதான் பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை உங்க காலை மேல தூக்கி வெச்சுக்கிட்டு ஓட்டச் சொல்லுங்களேன்."

அந்த நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் போதும். வண்டி நிற்காமல் கொஞ்ச தூரம் போயிருக்கும், நான் மிதித்து நிறுத்தியிருப்பேன். இன்னும் ஒரு மாதம் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டேன்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

மெத்தையின் காது சிவந்துவிட்டது. இரண்டு வருடமாக யாரும் வேலை கொடுக்காத மனிதர், சார். அவர் வாழ்க்கையில் அப்போது சரியாக நடந்துகொண்டிருந்தது அந்தப் பிரேக் ஒன்றுதான். "நீ நாளையிலேருந்து வர வேணாம்" என்றார் மனைவியிடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அந்த அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

தேர்வு எங்கள் வண்டியில்தான். அதிகாரி பின்சீட்டில் உட்கார்ந்து திரும்பு, நிறுத்து என்று சொல்வார். மாஸ்டர் தன் சீட்டிலேயே இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. கால் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அன்றைக்கு அதிகாரி பாதி நேரம் போனில் யாருக்கோ வீட்டு வாடகை விஷயமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மெத்தை மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றிலும் வண்டி தண்ணீரில் படகு நிற்பது மாதிரி நின்றது. இவ்வளவு மென்மையாக நிறுத்தி நான் பார்த்ததில்லை என்றார் அதிகாரி. மெத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். துடைக்கக் காகிதம் எதுவும் என்னிடம் இல்லை. என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இல்லத்தில் உரிமத்தைப் பார்த்தார்கள், வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொன்னார்கள். சமதரையில், நடக்கிற வேகத்தில் எந்த வண்டியும் நிற்கும். முதல் நாள் வேலை, பழுது பார்க்கப் போயிருந்த வேனைப் பட்டறையிலிருந்து எடுத்துவருவது. தனியாக ஓட்டப் பயமாக இருந்திருக்கும். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவரை வர வேண்டாம் என்று சொன்னவர், அன்றைக்கு மட்டும் வா என்று கூப்பிட்டிருக்கிறார். பட்டறைச் சாலை இறக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே ஒரு லாரி நின்றிருந்தது. கிளட்சை மிதித்து, பிரேக்கின் மேல் காலை வைத்து, வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. லாரியின் பின்பக்கத்தில் இடித்தது அந்த அம்மா உட்கார்ந்திருந்த பக்கம்.

அந்த அம்மா செத்துப்போனதில் எனக்கு வருத்தம். நிஜமாகவே வருத்தம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போய் மச்சானிடம் சொன்னேன். நான் செய்ததைச் சொல்லவில்லை, விபத்தை மட்டும். மெத்தை இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மனைவி போய்விட்டார் என்று. அவர் முகத்தில் ஏதாவது ஒரு ஆறுதல் வரும், இத்தனை வருடக் காத்திருப்புக்கு ஒரு முடிவு வரும் என்று எதிர்பார்த்தேன். மச்சான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து உச்சுக்கொட்டினார். "பாவம் மாப்ள, நல்ல மனுஷன்" என்றார். கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் கூப்பிடல போல."

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன். மெத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க மாஸ்டர். நான் ஒரு முட்டாள். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயிலுக்குப் போகத் தயார் என்றார். அவர் தலையணை நழுவியிருந்தது, தூக்கி வைத்தேன். பிறகு கேட்டேன்.

"சார், என்னை இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது பார்த்த ஞாபகம் இருக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவ்வளவு கவனமாக அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

"இல்லையே மாஸ்டர்" என்றார். "உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்திருந்தா மறந்திருக்கவே மாட்டேனே."

அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் இங்கே வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன். கொஞ்சம் முன்னால் நான் சொன்னதை, மச்சானுக்காகச் செய்தேன் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். மச்சானுக்கு அவர் மேல் கோபமே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். நான் மெத்தையை ஓட்டத் தெரியாமலே தேறவைத்து, தெரிந்தே சாலைக்கு அனுப்பினேன். அவர் மனைவியைக் கொன்றது நான். தினமும் காலையில் அவர் வண்டியில் ஏறும்போது, இன்றைக்காவது கண்டுபிடிப்பாரா என்று பார்ப்பேன். ஏதாவது ஒரு நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே காலைத் தூக்கியிருப்பேன். பள்ளி வாசலில் இருக்கிற பலகையில் என் பெயர் இருக்கிறது. அவர் கடைசிவரைக்கும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

இதை நீங்கள் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது மாஸ்டர் என்று சொல்லாதீர்கள், மாஸ்டரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். என் பெயரைச் சொல்லுங்கள். தராசுக் கம்பெனி, சரிபார்க்கும் பிரிவு, கேள்வி கேட்டவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்று சொல்லுங்கள். கொஞ்சம் நேரம் கொடுங்கள், யோசித்துப் பார்க்கட்டும். அப்போதும் அவருக்கு ஞாபகம் வரவில்லை என்றால், வந்துவிட்டது என்று என்னிடம் வந்து சொல்லிவிடுங்கள் சார்.